வரைபடம் மண்ணில் ஊன்றும் இடம்



ரைன் நதி ஜெர்மனியையும் சுவிற்சர்லாந்தையும் பிரித்துக்கொண்டு ஓடுகின்ற ஓரிடத்தில், இரு கரைகளிலும் லவுஃபன்பூர்க் என்னும் ஒரே பெயருடைய இரண்டு சிற்றூர்கள் உள்ளன. அவற்றை இணைப்பதற்கு ஒரு புதிய பாலம் அமைக்கத் திட்டமிட்டனர். இரு நாட்டுப் பொறியியலாளரும் தேர்ந்தவர்கள். அவர்கள் வரைந்த படங்களிலும் குறை காண்பதற்கில்லை. ஆயினும் 2003ஆம் ஆண்டில், பாலம் எழுந்துகொண்டிருந்த வேளையில், ஒரு கரையின் மட்டமும் மறு கரையின் மட்டமும் 54 சென்றிமீற்றரால் வேறுபட்டு நிற்பது தெரியவந்தது.

காரணம் யாது? கடல் மட்டத்திலிருந்து உயரத்தைக் கணிப்பது உலக வழக்கு. ஆனால் எந்தக் கடலின் மட்டம்? ஜெர்மனியர் கணித்தது அம்ஸ்ரடாம் நகரைச் சார்ந்த வடகடல் மட்டத்திலிருந்து. சுவிற்சர்லாந்தினர் கணித்தது மார்செய் நகரைச் சார்ந்த மத்தியதரைக் கடல் மட்டத்திலிருந்து. இவ்விரண்டுக்கும் இடையில் 27 சென்றிமீற்றர் வித்தியாசம் உண்டு. இதனை இரு சாராரும் முன்னரே அறிந்திருந்தனர் என்பதுதான் இக்கதையின் சுவை. அறிந்து, திருத்தமும் செய்தனர். ஆனால் கூட்டவேண்டிய இடத்தில் கழித்துவிட்டனர். இருபத்தேழு இல்லாமற் போவதற்குப் பதிலாக ஐம்பத்து நான்காயிற்று. முடிவில் ஜெர்மன் கரையிலுள்ள பகுதியைத் தாழ்த்திப் பாலத்தை ஒருவாறு பொருத்தினார்கள்.

இங்கே தவறியது கட்டடக் கலையன்று, கணிதமுமன்று. தாளில் உள்ள ஓர் எண் தரையில் எதனைக் குறிக்கின்றது என்ற ஒரு வினாவுக்குரிய விடைதான் தவறியது. இவ்வினா பெரிய பாலங்களுக்கு மட்டும் உரியதன்று. கணினியில் வரையப்பெறும் ஒவ்வொரு கட்டடப் படமும், ஒவ்வொரு வீதிப் படமும், ஒவ்வொரு காணிப் படமும் என்றோ ஒரு நாள் இதே வினாவுக்கு விடை கூறியாகவேண்டும்.

ஓட்டோகாட் போன்ற ஒரு மென்பொருளைத் திறந்து படம் வரைய அமர்பவர் முதலிற் காண்பது எல்லையற்ற ஒரு வெற்றுத் தளம். அதன் நடுவே இரண்டு அச்சுக்கள் வெட்டிக்கொள்ளும் ஒரு புள்ளி இருக்கும். பள்ளிக் கணிதத்தில் நாம் உற்பத்தி என்று படித்தது அதுவே. அதன் ஆள்கூறு பூச்சியம், பூச்சியம். கட்டடக் கலைஞர் தமது கட்டடத்தின் ஒரு மூலையைப் பெரும்பாலும் அவ்விடத்திலேயே வைத்துத் தொடங்குவார். சுவர்களை மேசையின் விளிம்புக்கு நேராக வைப்பார். ஏனெனில் சரிந்து கிடக்கும் கட்டடத்தை வரைவதும் வாசிப்பதும் கண்ணுக்குத் தொல்லை. அளவை மில்லிமீற்றரில் இடுவார். இவையெல்லாம் குற்றங்களல்ல. மிகப் பெரிய எண்களைச் சுமந்துகொண்டு நுணுக்கமான கோடுகளை வரையும்போது சில மென்பொருள்கள் தடுமாறும் என்பதனால், உற்பத்திக்கு அண்மையில் வரைவதே நல்ல பழக்கமென்றும் கொள்ளப்படுகின்றது.

ஆனால் அந்தக் கட்டடம் எந்த ஊரில் நிற்கின்றது? படத்துக்கு அது தெரியாது. மூலையில் "பாடசாலைக் கட்டடம், இன்ன கிராமம்" என்று எழுதியிருக்கலாம். அது மனிதர் வாசிப்பதற்கு. கோடுகளைப் பொறுத்தவரை அக்கட்டடம் எங்கும் இல்லை. அதன் அறைகள் ஒன்றுக்கொன்று சரியான தூரத்தில் உள்ளன. உலகத்துக்கும் அவற்றுக்கும் எவ்வகை உறவும் இல்லை.

மண்ணுக்கு வேறொரு முகவரி உண்டு. நமது இலங்கைத்தீவின் முகவரி எவ்வாறு அமைந்தது என்பதைச் சிறிது பார்ப்போம். நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. எனினும், தீவு முழுவதையும் ஒரே வலையில் பிணைக்கும் முக்கோண அளவை அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னரே தொடங்கியது. நீர்கொழும்புக்கு அண்மையில் கந்தவளை என்னும் இடத்தில் ஓர் அடிக்கோடு மிக நுட்பமாக அளக்கப்பட்டது. அந்த ஒரு நீளத்தை ஆதாரமாகக் கொண்டு, மலை முடிக்கு மலை முடி கோணங்களைப் பார்த்து, முக்கோணத்தின்மேல் முக்கோணமாக வலையைப் பின்னினார்கள். அடர்ந்த காட்டினூடே, மலைக்காய்ச்சலின் மத்தியில், கோணமானியைத் தோளிற் சுமந்து சென்ற அந்த மனிதரின் உழைப்பை இன்றைய தலைமுறை பெரும்பாலும் மறந்துவிட்டது.

வலை தயாரானதும் அதற்கு ஓர் உற்பத்தி வேண்டியிருந்தது. தீவின் மிகவுயர்ந்த மலையாகிய பீதுருதலாகலை அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்டது. ஆனால் அந்த மலைமுடிக்குப் பூச்சியம் என்று எண் கொடுத்தால், அதற்கு மேற்கிலும் தெற்கிலும் உள்ள கொழும்பு, காலி முதலிய ஊர்களெல்லாம் மறை எண்களைப் பெற்றுவிடும்; எழுதும்போது கழித்தற் குறி ஒன்று விடுபட்டாலே போதும், ஊர் இடம் மாறிவிடும். எனவே மலைமுடிக்கு ஒரு பெரிய எண்ணைப் பெயருக்குக் கொடுத்தார்கள். யார்க் கணக்கில் அளந்த காலத்தில் அவ்வெண் கிழக்கே 176,000 யார், வடக்கே 176,000 யார். விந்தையான எண்ணாகத் தோன்றலாம். அது சரியாக நூறு மைல். மீற்றர் முறைக்கு மாறியபோது அதே மலைமுடி 200,000, 200,000 ஆயிற்று. செய்மதிகளின் துணைகொண்டு வலை புதிதாக அளக்கப்பட்டு, 1999ஆம் ஆண்டின் பெயரால் வழங்கும் முறைமை வந்தபோது அது 500,000, 500,000 ஆயிற்று. மலை அசையவில்லை, அதன் முகவரி மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

இப்போது ஒரு பக்கம் உற்பத்தியில் நிற்கும் கட்டடப் படம். மறுபக்கம் இலட்சக்கணக்கான மீற்றர் எண்களைச் சுமந்து நிற்கும் நிலம். இரண்டையும் பொருத்துவது எங்ஙனம்?

படத்தைக் கிழக்காகவோ மேற்காகவோ தள்ளலாம். வடக்காகவோ தெற்காகவோ தள்ளலாம். ஒரு புள்ளியைச் சுற்றித் திருப்பலாம். பெருப்பிக்கவோ சிறுப்பிக்கவோ செய்யலாம். ஆக, தெரியவேண்டிய கணியங்கள் நான்கு. படத்திலும் தரையிலும் ஒருங்கே இனங்காணக்கூடிய ஒரு புள்ளி நமக்கு இரண்டு சமன்பாடுகளைத் தரும். எனவே அத்தகைய இரண்டு புள்ளிகள் கிடைத்தால் நான்கு கணியங்களையும் கண்டுவிடலாம். ஓட்டோகாட்டில் இதற்கென்றே 'அலைன்' என்னும் கட்டளை ஒன்றுண்டு. முதற் புள்ளியைக் காட்டி அது போகவேண்டிய இடத்தைக் காட்டவேண்டும். இரண்டாம் புள்ளிக்கும் அவ்வாறே. புவியியல் தகவல் முறைமைகள் சிலவற்றில் இதே செய்தி இரண்டே வரிகள் கொண்ட ஒரு சிறு கோப்பில் எழுதப்படும். "இங்கிருந்து அங்கே, இங்கிருந்து அங்கே" என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. படம் ஒரு நொடியிற் பறந்து சென்று தன் இடத்தில் அமர்ந்துவிடும்.

அமர்ந்த இடம் சரியானதுதானா? இங்கேதான் கவனம் வேண்டும், நேயர்களே. இரண்டு புள்ளிகளைக் கொடுத்தால் கணினி அவற்றை எப்போதுமே மயிரிழையும் பிசகாமற் பொருத்திக் காட்டும். புள்ளிகள் சரியாயினும் பொருத்தும், பிழையாயினும் பொருத்தும். நான்கு சமன்பாடுகளில் நான்கு கணியங்களைக் காணும்போது மிச்சம் என்று ஒன்று இருப்பதில்லை. மிச்சமில்லாத கணக்கு தன் தவறைத் தானே சொல்லாது.

ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு கிராமப் பாடசாலை வளவில் புதிய வகுப்பறைக் கட்டடம் ஒன்று எழவிருக்கின்றது. நீளம் 24 மீற்றர். ஒரு பக்கத்து எல்லைக்கு அப்பால் அயலவரின் கிணறு. படத்தில் வளவின் இரு மூலைக்கற்கள் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கிடையே சரியாக 40 மீற்றர். நில அளவையாளர் தரைக்குச் சென்று அவ்விரு கற்களையும் அளந்து வருகின்றார். ஒரு கல்லிலிருந்து மற்றது கிழக்கே 36 மீற்றர், வடக்கே பதினாறரை மீற்றர். பைதகரசின் தேற்றத்தின்படி கூட்டிப் பார்த்தால் கற்களுக்கிடைத் தூரம் 39.60 மீற்றர் வருகின்றது. நாற்பது சென்றிமீற்றர் குறைகின்றது.

படம் வரைபவர் இரு புள்ளிகளையும் கணினிக்குக் கொடுக்கின்றார். கணினி பணிவுடன் ஒரு கேள்வி கேட்கும்: புள்ளிகளுக்கு ஏற்றவாறு படத்தின் அளவிடையை மாற்றட்டுமா? அவசரத்தில் 'ஆம்' என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. முழுப் படமும் நூற்றுக்கு ஒரு வீதம் சுருங்கும். ஆறு மீற்றர் அறை 5.94 மீற்றராகும். 24 மீற்றர்க் கட்டடம் 24 சென்றிமீற்றரை இழக்கும். திரையிற் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. கற்கள் இரண்டும் கற்களின்மேல் அழகாக அமர்ந்திருக்கும். தூண்களின் இடங்களைக் கணினி ஆள்கூற்றிலிருந்து எடுத்து ஒருவர் முளை அடிப்பார். கம்பி கட்டுபவரோ படத்தில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்துக் கம்பியை வெட்டுவார். இருவரும் தத்தம் தொழிலில் நேர்மையானவர்களே. ஆனால் கம்பி தூணுக்குப் பொருந்தாது.

கட்டடம் அளவோடு வரையப்பட்டது; அதனைச் சுருக்குவதற்குக் கல்லுக்கு உரிமையில்லை. ஆகவே அலகு மாற்றத்துக்கு வேண்டிய பெருக்கத்தைத் தவிர, அதாவது மில்லிமீற்றரை மீற்றராக்குவது போன்றதைத் தவிர, வேறு எந்த அளவிடை மாற்றத்துக்கும் இணங்காதிருப்பதே அறிவுடைமை. அவ்வாறு இணங்காவிட்டால் அந்த நாற்பது சென்றிமீற்றரும் மறையாமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நிற்கட்டும். அது தொல்லையன்று, சாட்சி.

ஆனால் இரண்டு கற்களில் எது இடம் பெயர்ந்தது? அதை இரு கற்கள் சொல்லமாட்டா. மூன்றாவது கல் ஒன்று வேண்டும். முதலாவதும் மூன்றாவதும் படத்தோடு ஒத்துப்போய், இரண்டாவது மட்டும் முரண்பட்டால் வழக்கு ஏறத்தாழத் தீர்ந்தது. நான்காவதும் கிடைத்தால் இன்னும் நன்று. தரைக்குச் சென்று விசாரித்தால் விடயம் தெரியவரும்: ஒழுங்கையை அகலமாக்கியபோது அந்தக் கல்லைக் கிளப்பி, வேலை முடிந்ததும் "ஏறக்குறைய அதே இடத்தில்" மீண்டும் நட்டிருப்பார்கள். ஏறக்குறைய என்ற அந்தச் சொல்லின் பெறுமதிதான் நாற்பது சென்றிமீற்றர். மூன்றாவது கல்லைத் தேடாது விட்டிருந்தால், அயலவரின் கிணற்றுப் பக்கம் சுவர் சற்று நகர்ந்திருக்கும். இரண்டு குடும்பங்கள் பரம்பரையாகப் பேசாதிருப்பதற்கு அதுவே போதுமான காரணமாகும். யாழ்ப்பாணத்துக் காணி வழக்குகளின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பரப்பும் குழியுமாக விரிவு கூறி, நாற்றிசையும் அயற்காணிக்காரரின் பெயரைச் சொல்லி எழுதிய பழைய உறுதிகளில் எல்லை என்பது வேலியில் வாழ்கின்றது. வேலியோ ஆண்டுதோறும் அடைக்கப்படுவது.

மூன்று கல்லும் நான்கு கல்லும் ஒத்துவராதபோது வேறொரு வழியையும் சிலர் நாடுவர். படத்தை இரப்பர்த் தாள் போல இழுத்து, ஒவ்வொரு புள்ளியையும் அதனதன் இடத்திற் குத்திவிடுவதற்குக் கணினியில் வசதியுண்டு. நூறாண்டு பழைமையான காகிதப் படத்தை ஒளிவருடி எடுத்திருந்தால் இதற்கு ஒரு நியாயம் உண்டு. காகிதம் ஈரத்தில் விரியும், வெயிலிற் சுருங்கும். அதுவும் ஒரு பக்கம் ஒரு விதமாகவும் மறுபக்கம் வேறு விதமாகவும். கணினியில் எண்களாற் பிறந்த படம் மழையில் நனைவதில்லை. அதனை இழுப்பது தவறை மூலைமுடுக்கெல்லாம் பகிர்ந்து ஒளிப்பதேயன்றி வேறன்று.

பழைய காகிதப் படங்களைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் கருதவேண்டும். அங்குலத்துக்கு நான்கு சங்கிலி என்ற அளவிடையில் வரையப்பட்ட கிராமப் படங்கள் நம்மிடம் உள்ளன. படத்தில் ஓர் அங்குலம் தரையில் 264 அடி. அதாவது ஒன்றுக்கு 3,168. அப்படத்தில் அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு மைக்கோடு தரையில் ஒன்றரை மீற்றருக்கு மேல் அகலமுடையது! அக்கோட்டின் எந்த ஓரத்தில் வேலி இருந்தது என்று கேட்டால், படம் வரைந்தவரே எழுந்து வந்தாலும் சொல்ல இயலாது. அதனை ஒளிவருடி எடுத்துத் திரையிற் பெருப்பித்துவிட்டால் நுட்பம் கூடிவிட்டதென்று நம்புகின்ற மயக்கம் இக்காலத்துக்குரியது. பெருத்தது கோடு, நுட்பமன்று.

தவறுகளில் இருவகை உண்டு. ஒரு வகை கூச்சலிடும். யாழ்ப்பாண நகரத்தின் ஆள்கூறு புதிய முறைமையில் ஏறக்குறைய கிழக்கே 416 கிலோமீற்றர், வடக்கே 794 கிலோமீற்றர். இதனைப் பழைய முறைமை என்று கணினிக்குச் சொல்லிவிட்டால், நகரம் வடக்கே முந்நூறும் கிழக்கே முந்நூறும் கிலோமீற்றர் பறந்து, சென்னைக்குக் கிழக்கே சற்றுத் தெற்காக வங்காள விரிகுடாவின் நடுவில் விழும். பழைய எண்ணைப் புதியதென்று சொன்னால் கன்னியாகுமரிக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் விழும். அகலாங்கையும் நெட்டாங்கையும் மாற்றி எழுதிவிட்டால் இன்னும் வேடிக்கை: யாழ்ப்பாணம் நோர்வேக்கு வடக்கே, சுவால்பாட் தீவுகளின் அருகே, பனிக்கடலிற் காணப்படும். இடம் குறிக்கவே மறந்த படங்களெல்லாம் ஆபிரிக்காவின் மேற்கே கினி வளைகுடாவில், அகலாங்கும் நெட்டாங்கும் பூச்சியமாகும் புள்ளியிற் சென்று சேரும். அங்கே தீவு எதுவும் இல்லை. தொழிலறிந்தோர் அதற்கு இன்மைத் தீவு என்று விளையாட்டாகப் பெயரிட்டிருக்கின்றனர். இவ்வகைத் தவறுகளால் யாருக்கும் தீங்கில்லை. பாடசாலை கடலில் மிதப்பதைக் கண்டும் அத்திவாரம் வெட்டுவார் எவருமிலர்.

மற்ற வகை மௌனமானது. கையடக்கத் தொலைபேசி காட்டும் அகலாங்கும் நெட்டாங்கும் செய்மதிகள் பயன்படுத்துகின்ற உலகப் பொது முறைமையைச் சார்ந்தவை. அம்முறைமை கொள்ளும் பூமிக் கோளத்தின் வடிவமும் மையமும் ஒருவகை. கந்தவளையிலிருந்து பின்னப்பட்ட நமது வலை ஏற்றுக்கொண்டதோ எவரெஸ்ட் என்பாரின் பெயரால் வழங்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோளம். அதன் மையம் வேறு. ஆகவே ஒரே கல்லுக்கு இவ்விரு முறைமைகளும் இரண்டு நெட்டாங்குகளைத் தருகின்றன. ஒன்றை மற்றதாக எண்ணி மயங்கினால் இலங்கையில் ஏறக்குறைய இருநூறு மீற்றர் பிழைக்கும். கடலில் விழாது, அடுத்த தெருவில் விழும். அதே போன்ற மதில், அதே போன்ற மாமரம், பார்ப்பவர் ஐயுறமாட்டார். உலகின் நெட்டாங்குகளுக்கெல்லாம் தொடக்கமாகிய கிறீனிச்சிலேயே இது நிகழ்ந்திருக்கின்றது. அங்குள்ள பழைய வானாய்வகத்திற் பித்தளைக் கோட்டின்மேல் நின்றுகொண்டு ஜி.பி.எஸ். கருவியைப் பார்த்தால் அது பூச்சியம் காட்டுவதில்லை. செய்மதிகளின் பூச்சியக்கோடு அதற்குக் கிழக்கே ஏறக்குறைய 102 மீற்றரில் ஓடுகின்றது.

பழைய முறைமையிலிருந்து புதிய முறைமைக்கு வருவதிலும் இத்தகைய ஒரு கண்ணி உண்டு. இரண்டுக்கும் முந்நூறு ஆயிரம்தானே வித்தியாசம், கூட்டிவிட்டாற் போயிற்று என்று எண்ணத் தோன்றும். கூட்டினால் கூச்சல் அடங்கும். ஊர் ஊரின்மேல் வந்துவிடும். ஆனால் புதிய வலை புதிதாக அளந்து சமப்படுத்தப்பட்டது. பழைய வலையிற் படிந்திருந்த சிறு வழுக்கள் இடத்துக்கிடம் வேறுபட்டவை. கூட்டிய பின்னரும் அவ்வித்தியாசம் எஞ்சி நிற்கும். பெரிய தவறைத் திருத்திய மகிழ்ச்சியில் சிறிய தவறு கண்ணுக்குத் தப்பிவிடும். லவுஃபன்பூர்க்கிலும் நடந்தது இதுதானே.

இனி நீளத்தைப் பற்றிச் சிறிது. பூமி உருண்டை, படம் தட்டை. உருண்டையைத் தட்டையாக்கும்போது எங்காவது நீளம் பிசகியே தீரும். நமது முறைமையில், பீதுருதலாகலை வழியாகச் செல்லும் நடுக்கோட்டில் ஒவ்வொரு கிலோமீற்றரும் ஏறக்குறைய ஏழரைச் சென்றிமீற்றர் குறைவாகக் காட்டப்படுகின்றது. நடுக்கோட்டிலிருந்து விலக விலக இக்குறை தேய்ந்து, ஏறக்குறைய 79 கிலோமீற்றரில் இல்லாது போய், அப்பால் மிகுதியாக மாறும். இதன் விளைவு சுவையானது. யாழ்ப்பாண நகரம் நடுக்கோட்டுக்கு மேற்கே ஏறத்தாழ 83 கிலோமீற்றரில் இருப்பதனால், அங்கே படத்து நீளமும் தரை நீளமும் கிலோமீற்றருக்கு ஒரு சென்றிமீற்றரளவே வேறுபடும். நுவரெலியாவிலோ நிலைமை வேறு. அது நடுக்கோட்டின்மேலேயே இருக்கின்றது. மேலும் கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேல் உயர்ந்து நிற்கின்றது. உயரப்போகப்போகப் பூமியின் மேற்பரப்பு அகலுவதால், அங்கே அளந்த ஒரு கிலோமீற்றரைக் கடல் மட்டத்துக்கு இறக்கும்போது மேலும் ஏறக்குறைய 29 சென்றிமீற்றர் குறையும். இரண்டும் சேர்ந்து கிலோமீற்றருக்கு முப்பத்தாறு, முப்பத்தேழு சென்றிமீற்றர். ஒரு வகுப்பறைக்கு இது பொருட்டன்று. தேயிலைத் தோட்டங்களினூடே பத்துக் கிலோமீற்றருக்குக் குழாய் பதிப்பவருக்கு மூன்றரை மீற்றருக்கு மேல் வரும்; அவருடைய குழாய் கடைசி இணைப்புக்கு எட்டாமற் போகலாம்.

திசையும் அவ்வாறே. படத்தின் வடக்கு, துருவத்தின் வடக்கு, காந்த ஊசியின் வடக்கு ஆகிய மூன்றும் ஒன்றல்ல. ஊசியின் வடக்கு ஆண்டுதோறும் நகரும். ஆகையால் பழைய படத்தில் அம்புக்குறியைக் கண்டால், அது எந்த வடக்கு, எந்த ஆண்டின் வடக்கு என்று கேட்காமற் படத்தைத் திருப்பலாகாது. யாழ்ப்பாணத்தில் முறைமையின் வடக்கும் துருவ வடக்கும் பாகையில் எட்டில் ஒரு பங்கு அளவே வேறுபடும். இத்தனை சிறியதா என்று அலட்சியம் செய்தால், நூறு மீற்றர் நீளச் சுவரின் மறு முனை 22 சென்றிமீற்றர் அப்பாற் சென்றுவிடும்.

அலகின் பெயரையும் நம்பிவிட முடியாது. அமெரிக்க நாட்டில் நெடுங்காலம் இரண்டு அடிகள் வழக்கில் இருந்தன. பொது அடி ஒன்று, நில அளவைக்கென ஓர் அடி மற்றொன்று. பத்து இலட்சத்தில் இரண்டு பங்குதான் வித்தியாசம். ஒரு மேசையை அளந்தால் எந்தக் கருவிக்கும் அது புலப்படாது. ஆனால் ஆள்கூறு இருபது இலட்சம் அடி என்றிருக்கும்போது நான்கு அடி பிழைத்துவிடும். 2022ஆம் ஆண்டின் முடிவோடு அந்த நில அளவை அடிக்கு அந்நாடு விடை கொடுத்தது. பழைய கோப்புகளில் அது இன்னும் உறங்கிக்கொண்டுதான் இருக்கின்றது.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தால் எவ்வளவு நன்றாக வரும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடிச் சுரங்கம் தோண்டத் தொடங்குமுன்னர், இரு நாட்டினரும் தத்தம் தேசிய முறைமைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த வேலைக்கென்றே பொதுவான ஓர் ஆள்கூற்று முறைமையை 1987ஆம் ஆண்டின் பெயரால் வகுத்துக்கொண்டனர். எந்த எண் எந்தக் கல்லைக் குறிக்கும் என்பது இரு கரையிலும் ஒன்றாயிற்று. 1990ஆம் ஆண்டு டிசெம்பர் முதலாந் தேதி, கடலின் கீழே இரு பக்கத்துத் தொழிலாளரும் கைகுலுக்கிக்கொண்டபோது, இரு சுரங்கங்களும் பக்கவாட்டில் 358 மில்லிமீற்றரும், உயரத்தில் 58 மில்லிமீற்றரும் மட்டுமே விலகியிருந்தன. சூரியனையோ செய்மதியையோ காண முடியாத இருளில், பல கிலோமீற்றர் குடைந்து சென்ற பின்னர்.

நமது கிராமப் பாடசாலைக்குத் திரும்புவோம். இரண்டாவது கல்லை ஒதுக்கிவிட்டு, முதலாவது, மூன்றாவது, நான்காவது கற்களைக் கொண்டு படம் பொருத்தப்படுகின்றது. எஞ்சும் வழு இரண்டு மூன்று சென்றிமீற்றர். படத்தின் மூலையில் வரைபவர் இப்போது சில வரிகள் எழுதவேண்டும்: 1999ஆம் ஆண்டு முறைமை; அலகு மீற்றர்; அளவிடை மாற்றப்படவில்லை; பயன்பட்ட கற்கள் இவை, விடப்பட்ட கல் இது, எஞ்சிய வழு இவ்வளவு; அளந்த தேதி. எழுதுவதற்கு ஐந்து நிமிடம் ஆகும். பல படங்களில் இவ்வரிகள் இல்லை. அதனால் பத்தாண்டு கழித்து அடுத்த கட்டடத்துக்கு வருபவர் எல்லாவற்றையும் மீண்டும் அளக்கின்றார், அல்லது ஊகிக்கின்றார்.

பின்னர் முளைகள் அடிக்கப்படும். அடித்து முடிந்ததும் நல்ல அளவையாளர் உடனே கருவியை மடித்துப் பெட்டியில் வைப்பதில்லை. பொருத்துவதற்குப் பயன்படாத ஓரிடத்தை, பழைய கட்டடத்தின் ஒரு மூலையையோ அயலவரின் கிணற்றுக் கட்டையோ, நாடாவைப் பிடித்துத் தம் முளையிலிருந்து நேராக அளந்து பார்ப்பார். படம் சொல்லும் தூரமும் நாடா சொல்லும் தூரமும் ஒத்திருந்தால், மேசனை அழைத்து அத்திவாரத்துக்கு நூல் கட்டச் சொல்வார்.